மெர்லோ: ஒரு குருவியின் பெயர்

போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், சிவப்பு வைன் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "மாமா, மெர்லாட்டுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியது.

முதலில் உச்சரிப்பு. மெர்லாட் இல்லை, மெர்லோ. பிரெஞ்சில் கடைசி 'ட்' எழுத்தில் மட்டும்தான் இருக்கும், வாயில் வராது.

மெர்லோ என்பது திராட்சை ரகம் ஒன்றின் பெயர். அதிலிருந்து எடுக்கும் வைனுக்கும் அதே பெயர். தெற்கு பிரான்சின் ஆக்சிதான் மொழியில் 'மெர்லே' என்றால் ஒரு கருப்புப் பறவை. அதைச் சின்னதாக்கி, செல்லமாகச் சொன்னால் மெர்லோ. பழம் அந்தப் பறவையைப் போலக் கருநீலமாக இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். சீக்கிரம் பழுக்கும் இந்த ரகத்தை அந்தப் பறவைகள் விரும்பித் தின்னும், அதனால் வந்தது என்றும் சொல்வார்கள். 1784இல் பிரான்சின் வைன் வட்டாரமான போர்தோ பகுதி அதிகாரி ஒருவரின் குறிப்பில் இந்தப் பெயர் 'மெர்லோ' என்ற ஒலிப்பிலேயே, வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

கருப்புக் குருவி என்றதும் மதுரைக்காரர் மனம் நேராகக் கோயிலுக்குத்தான் போகும். ஆவணி மூலத் திருவிழாவில் கருங்குருவிக்கு உபதேசம் செய்த லீலை உண்டு. காக்கைகள் தலையில் கொத்தி விரட்டிய ஒரு கரிக்குருவி, பொற்றாமரையில் மூழ்கிச் சொக்கநாதரை வணங்கி, மந்திரமும் வலிமையும் பெற்று 'வலியான்' ஆன கதை. இன்றைக்கும் வயல்வெளி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சான், தன்னைவிடப் பெரிய காக்கையை விரட்டுவதைப் பார்க்கலாம். அதனால் மெர்லோவைக் 'கரிக்குருவித் திராட்சை' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது சரியாக வராது. பிரெஞ்சுக்காரரின் மெர்லே பூங்குருவி இனம். மஞ்சள் அலகு, வால் பிளவுபடாது. அதன் நெருங்கிய உறவு கொடைக்கானல் சோலைகளில் இருக்கிறது. கரிச்சான் வேறு குடும்பம். ரகத்தின் பெயர் ஊர்ப்பெயர் மாதிரி, அதை அப்படியே மெர்லோ என்று வைத்துக்கொள்வதுதான் முறை.

மாற்ற வேண்டியது 'வைன்' என்ற சொல்லைத்தான். அதற்கு நம்மிடம் 'தேறல்' இருக்கிறது. தேறு என்றால் தெளி. வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். வைன் செய்யும் முறையும் அதுதான். பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த "தண்கமழ் தேறல்" என்றே சொல்கிறார். வைகை கடலில் கலக்கும் பக்கத்து அழகன்குளத்தில் ரோமானியர் மதுச்சாடியின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்து வந்த திராட்சை மதுவுக்கு மதுரைப் புலவர் அன்றே வைத்த சொல் அது. 'திராட்சை ரசம்' என்றால் பழச்சாறா, மதுவா என்று குழப்பம் வரும். மெர்லோத் தேறல் என்றால் குழப்பமே இல்லை.

அவன் கொண்டுவந்த பாட்டிலில் 'பெயி தோக்' என்று அச்சிட்டிருந்தது. 'ஆமாம்' என்பதற்கு 'ஒக்' என்று சொல்லும் மக்களின் நாடு என்று பொருள். மெர்லே என்ற சொல்லைத் தந்த அதே மொழிக்காரர்கள். வெயில் நிறைந்த அந்த வட்டாரத்து மெர்லோவில் கனிந்த பழ வாசம் தூக்கலாக இருக்கும். முகர்ந்து பார்த்தால், மே மாதம் மதுரைக்கு வருகிற கொடைக்கானல் பிளம்ஸ் வாசம். 'டானின்' என்று அவர்கள் சொல்வது நம் துவர்ப்புதான். காபர்னே சாவிஞோன் ரகத்தில் அது கடுக்காய் மாதிரி நாக்கைப் பிடிக்கும். மெர்லோவில் மாதுளை முத்துகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தோல் அளவுக்குத்தான்.

அப்புறம் சாப்பாடு. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். அதனால் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்கிய மட்டன் சுக்கா இதற்கு அருமையான கூட்டு. கறிதோசையும் சேரும். மிளகாய்க் காரம் மட்டும் கூடக் கூடாது, சாராயச் சத்து அந்த எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். 16 முதல் 18 டிகிரியில் குடிக்க வேண்டியது என்பதால், நம் ஊர் வெக்கைக்குக் கொஞ்ச நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும்.

சேரவே சேராதது அயிரை மீன் குழம்பு. சிவப்புத் தேறலில் உள்ள இரும்பும் மீனின் கொழுப்பும் சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சை நிற்கும். புளிப்பு வேறு தேறலைச் சப்பென்று ஆக்கிவிடும். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அயிரைதான். பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தேன். ராத்திரி சுக்கா இறக்கியபிறகுதான் அவன் அதைத் திறந்தான்.