எடிட்: திருத்தமா, தொகுப்பா?

'இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் எடிட் பண்ணித் தாங்க சேர்' என்ற பேச்சு இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் பண்டாரவளையிலும், இப்போது சாதாரணம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் மாற்றும் வசதி 2023இல் வந்ததிலிருந்து, சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் பழகிவிட்டது.

எடிட்டின் வேர் இலத்தீன். அங்கே அது வெளியே கொடுத்தல், அதாவது வெளியிடுதல். ஆங்கிலத்தில் எடிட்டர்தான் மூத்தவர். எடிட் என்ற வினை அவரிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. பிழை பார்ப்பது என்ற பொருள் வேரில் இல்லவே இல்லை.

தமிழில் நேராக நிற்பது 'திருத்து'. திருந்து தன்வினை, திருத்து பிறவினை. வருந்து, வருத்து மாதிரி. இலங்கையில் இதற்கு வேலை அதிகம். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். தமிழ்நாட்டில் ரிப்பேருக்குப் போகும் ரேடியோ, இங்கே திருத்தப் போகிறது. மாகாண சபைகளுக்கு வழிவிட்டது 1987இன் 13ஆவது திருத்தச் சட்டம்.

ஆனால் மலையகத்தில் திருத்தம் என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது பெயர்த் திருத்தம்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) வேறொன்று. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததன் பலன். சேமலாப நிதி எடுக்கப் போகும் வயதில்தான் பலருக்கு இது தெரியவரும். அப்புறம் பிரதேச செயலகத்துக்கு அலைச்சல். அங்கே யாரும் எடிட் என்று கேட்பதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா எடிட்டுக்கு 'தொகு' என்கிறது. தொகுத்தல் என்றால் சேர்த்து அடுக்குதல். துண்டுகளை ஒட்டும் படத்தொகுப்புக்கு அது சரி. ஒரு எழுத்துப்பிழையை மாற்றுவதற்குத் தொகுப்பு என்பது எனக்கு ஒட்டவில்லை.

திருத்துவிலும் ஒரு குறை உண்டு: தப்பு இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிடும். பிழையே இல்லாத கட்டுரையையும் எடிட்டர் வெட்டிக் குறுக்குவார். நல்ல தேயிலைச் செடியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோமே, அப்படி. இதற்குச் 'செம்மையாக்கம்' பொருந்தும். ஆக, பிழை மட்டும் பார்க்கவேண்டுமானால் 'திருத்தித் தாங்க' என்றும், வெட்டி ஒட்டவும் சம்மதம் என்றால் 'செம்மைப்படுத்தித் தாங்க' என்றும் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, பத்தி காணாமல் போனால் கோபிக்கக்கூடாது.