அளிப்புரிமை: சீக்கிரம் பழசாகும் நூல்களுக்கு ஏற்ற உரிமம்

'காப்பிலெஃப்ட்' என்பதற்குத் தமிழில் வழங்கும் சொல் அளிப்புரிமை. ஒரு படைப்பை யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியவர் தன் பதிப்பையும் அதே அனுமதியோடுதான் வெளியிட வேண்டும்.

'காப்பிரைட்'டில் உள்ள 'ரைட்' உரிமையையும் குறிக்கும், வலப்பக்கத்தையும் குறிக்கும். அதை 'லெஃப்ட்' (இடது) என்று திருப்பிப்போட்டு விளையாட்டாகப் பிறந்த சொல் இது. 1976இலேயே பேசிக் என்னும் நிரல்மொழிக்கான ஒரு மென்பொருளின் தலைப்பில் இது காணப்படுகிறது. பின்னர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தக் கருத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தார்: 1989இல் மென்பொருளுக்கு ஜிபிஎல் என்ற உரிமம், 2000இல் கையேடுகளுக்கு ஜிஎஃப்டிஎல் என்ற உரிமம். தமிழில் 'இடது' என்று பெயர்த்தால் அரசியல் வாடைதான் வரும். அளிப்புரிமை பொருளைப் பிடித்துவிடுகிறது, பதிப்புரிமையோடு ஓசையும் ஒத்துவருகிறது. (காப்பிரைட்டுக்குக் 'காப்புரிமை' என்ற சொல் வேண்டாம்; அதைக் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்டுக்கும் சொல்கிறார்கள்.)

கணிநுட்ப நூல்களுக்கு இந்த உரிமம் மிக அவசியம். பைத்தான் என்னும் நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. அதற்காக எழுதிய பாடநூலில் 'பிரின்ட்' வரியை அடைப்புக்குறி இல்லாமல் போட்டிருப்பார்கள். பைத்தான் 3இல் முதல் பயிற்சியே பிழை காட்டும். ஆனால் இந்தியச் சட்டப்படி அந்த நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆசிரியருக்கு நேரமில்லை, பதிப்பகத்துக்கு ஆர்வமில்லை என்றால், விவரம் தெரிந்த வேறொருவர் நூலைத் திருத்தி வெளியிட வழியில்லை. நல்ல உழைப்பு அப்படியே முடங்குவது பெரிய இழப்பு.

இலவசமாகக் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. படைப்புகளைப் பகிரப் பலரும் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஆயத்த உரிமங்களிலேயே 'மாற்றக் கூடாது' என்ற வகை உண்டு. கவிதைத் தொகுப்புக்கு அது பொருந்தலாம். நிரல் கற்பிக்கும் நூலுக்கு அதைப் போட்டால், பழைய பிழைகளையும் சேர்த்துத்தான் பரப்ப முடியும். 'பெயர் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிர்க' என்ற வகைதான் அளிப்புரிமை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் தளம் இதைத்தான் பின்பற்றுகிறது. விக்கிப்பீடியாவும் 2009இல் ஜிஎஃப்டிஎல்லிலிருந்து இதற்கு மாறியது.

சரி, உரிமம் மட்டும் போட்டால் ஆயிற்றா? பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் திருத்துவது பெரும்பாடு. அதனால்தான் ஜிஎஃப்டிஎல், அப்படிப்பட்ட பிரதிகளை நூற்றுக்கு மேல் வெளியிடுபவர் திருத்தக்கூடிய வடிவத்தையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. தமிழில் எழுதுபவர்களும் மூலக் கோப்பைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.