வின்ச் பட்டையை நம்பி சாலையில் இறங்காதீர்கள்

மறுபடியும் ஒரு படகு எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் இழுத்துவரும்போது அடிப்பகுதி பிளந்து, மோட்டாரைத் தாங்கும் பின்பலகை விரிசல் விட்டிருக்கிறது. உரிமையாளரின் விளக்கமும் வழக்கமானதுதான்: "வின்ச்சில் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தேன்."

எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை மட்டும் அசைவதாக இல்லை. வின்ச் என்பது படகை டிரெய்லர்மேல் இழுத்து ஏற்றும் கருவி. அது பிடித்திருப்பது மூக்கிலுள்ள ஒரே ஒரு வளையத்தை. வின்ச்சில் சுற்றிய பட்டை பிரியாமல் தடுப்பது பல்சக்கரத்தில் விழுந்திருக்கும் சின்ன இரும்பு நாக்கு. எடையோ பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது: மோட்டார், பாட்டரி, எரிபொருள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பின்பக்கம் எழும்பி, தாங்குகட்டைமேல் விழுகிறது. இதற்கு வின்ச் என்ன செய்யும்? "இவ்வளவு கனமான படகு எங்கே போய்விடும்" என்பவர்களே, சடாரென்று பிரேக் பிடித்தால் முன்னால் பாயப்போவது அந்தக் கனம்தான்.

பின்பலகையின் இரு வளையங்களிலிருந்தும் டிரெய்லர் சட்டத்துக்குத் தனித்தனி ராட்செட் பட்டை (கைப்பிடியை ஆட்டி இறுக்கிப் பூட்டும் பட்டை) போடுங்கள். மூக்கு வளையத்திலிருந்து சட்டத்துக்கு, வின்ச்சுக்குச் சம்பந்தமில்லாத தனிச் சங்கிலி வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், இழுபட்டு நெகிழ்ந்துவிடும். பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசிர் நெருடினாலோ, வெயிலில் வெளுத்து விறைத்திருந்தாலோ தூக்கி எறியுங்கள். புதுப் பட்டையின் விலை பெரிதல்ல.

வண்டியோடு இணைக்கும் இடத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. டிரெய்லரின் முன்முனையிலுள்ள கிண்ணம் போன்ற பூட்டுதான் கப்ளர்; அது வண்டியின் பின்னாலுள்ள இரும்பு உருண்டைமேல் உட்காரும். 50 மி.மீ. கப்ளர், 48 மி.மீ. உருண்டைமேலும் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு பெரிய குலுக்கலில் கழன்றுவிடும். இரண்டிலும் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். பூட்டியபின் டிரெய்லரின் முன்முனையைத் தூக்கும் ஜாக்கை உயர்த்துங்கள்: வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பிடிப்பு சரி. பாதுகாப்புச் சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் குறுக்காக ஓட வேண்டும்.

கப்ளர்மேல் இறங்கும் பாரம், படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ஓட்டத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டத் தொடங்கும். படகுக்குள் தேங்கிய தண்ணீரை முதலில் வடியுங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அதுவும் பின்பக்கத்தில்.

பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது, மேலே ஓட்டாதீர்கள். கரைக்குப் போனதும் சூடு தணியும்வரை காத்திருங்கள். சூடான சக்கரம் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நான் மாற்றும் துருப்பிடித்த பேரிங்குகளில் பலவற்றின் கதை இதுதான்.

பின்பட்டைகளை இறக்குதளத்துக்கு வந்தபின் கழற்றலாம். மூக்குச் சங்கிலியை மட்டும், தயவுசெய்து, படகின் பின்பக்கம் மிதக்கத் தொடங்கும்வரை கழற்றாதீர்கள். சரிவில் வழுக்கி கான்கிரீட்டில் விழுந்த படகுகளையும் நாங்கள்தான் ஒட்டுப்போடுகிறோம்.