சொல் விளக்கம்: வில்லன், எதிர்நாயகன், கொடுநாயகன்

‘வில்லன்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் தீயவன், கொடியவன், எதிர்நாயகன் என்று பதில்கள் வரிசையாக வரும். சினிமா விமர்சனத்துக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வீடியோ கேம் பற்றி எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பூமியைச் சூறையாட வந்த வேற்றுக்கிரகவாசியாக நாமே ஆடுகிறோம். கேமரா அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது, அவன் செத்தால் ஆட்டம் நிற்கிறது. இவனை ‘எதிர்நாயகன்’ என்று எழுதினால் யாருக்கு எதிர்? அந்தக் கதையில் வேறு நாயகனே இல்லையே.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘வில்லா’ என்றால் நிலபுலத்தோடு கூடிய பண்ணை வீடு. இன்று நம் ஊர் மனை விளம்பரங்களில் விற்கப்படும் ‘வில்லா’வும் அதுதான். அந்தப் பண்ணையில் வேலை செய்தவன் ‘வில்லானுஸ்’, அதாவது பண்ணையாள். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அது இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்தது. ஒன்று நிலத்தோடு கட்டுண்ட குடியானவனைக் குறித்தது. மற்றொன்று நாகரிகம் இல்லாதவன், இழிந்தவன், அயோக்கியன் என்று படிப்படியாகச் சரிந்தது. நாடகத்திலும் நாவலிலும் கெடுதல் செய்யும் பாத்திரம் என்ற பொருள் அதற்கும் பிந்தியது. பண்ணையாள் கெட்டவனானது அவன் செய்த தவறால் அல்ல. சொல்லுக்குப் பொருள் வைக்கும் இடத்தில் இருந்தவர்கள் பண்ணைக்காரர்கள்.

தமிழிலும் இப்படி ஒரு சரிவு உண்டு. ‘கீழ்’, ‘கீழ்மகன்’ என்ற சொற்கள் இருக்கும் நிலையிலிருந்து குணத்துக்கு நகர்ந்தவை. திருக்குறளின் 108ஆம் அதிகாரமான கயமையில் கயவருக்குக் ‘கீழ்’ என்றும் பெயர். அந்த வகையில் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்பது ‘கயவன்’தான். ஆனால் கயவன் சிறியவன், பேரரசு நடத்த மாட்டான். கோள்களை அழிக்கும் பாத்திரத்துக்கு அந்தச் சொல் போதாது.

‘வில்லன்’ தமிழுக்குள் வந்தவுடன் நம் ஆள் ஆகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி ஒலி ‘அன்’ என்ற ஆண்பால் விகுதி போலவே அமைந்ததால், பெண்பாலுக்கு ‘வில்லி’ தானாகப் பிறந்தது. செயலுக்கு ‘வில்லத்தனம்’ வந்தது. பி. எஸ். வீரப்பாவும் எம். என். நம்பியாரும் நடித்த காலத்தில் அது பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது. ஒரு எச்சரிக்கை: பழைய நூல்களில் ‘வில்லி’ என்றால் வில் ஏந்தியவன், ‘வில்லவன்’ என்றால் விற்கொடி உடைய சேரன். இவற்றுக்கும் சினிமா வில்லனுக்கும் உறவே இல்லை. சொத்துப் பத்திரத்தில் வரும் ‘வில்லங்க’மும் அப்படியே.

இனி ஆட்டத்துக்கு வருவோம். 2005இல் பாண்டெமிக் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2020இல் பிளாக் ஃபாரஸ்ட் கேம்ஸ் புதுப்பித்த ‘டெஸ்ட்ராய் ஆல் ஹியூமன்ஸ்!’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காலம் 1959, இடம் அமெரிக்கா. நாம் ஆடுவது கிரிப்டோ-137 என்ற ஃபியூரான் இன வேற்றுக்கிரகவாசியாக. அணு ஆயுதங்களின் கதிர்வீச்சால் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போன இனம் அது. நகலெடுத்தே வாழ்கிறது. நகலுக்குத் தேவையான தூய டிஎன்ஏ மனித மூளையில் இருக்கிறது. ஆகவே மூளைகளைப் பறிப்பதுதான் அவன் வேலை. முதல் களம் டர்னிப்சீட் பண்ணை. லத்தீன் வேரின்படி பார்த்தால் அங்கே ‘வில்லானுஸ்’ கிரிப்டோ அல்ல, துப்பாக்கியோடு ஓடிவரும் விவசாயிதான்.

புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: சுடுவதுதான் வில்லத்தனம் என்று நினைத்துத் தெருவில் இறங்குவது. முதலில் கையில் இருக்கும் ஜாப்-ஓ-மேட்டிக் மின்சாரம் பாய்ச்சும் ஆயுதம். அதற்குத் தோட்டா தேடி அலைய வேண்டாம், விட்டுவைத்தால் தானே நிரம்பும். ஆனால் தொடர்ந்து அழுத்தினால் காலியாகி, மீண்டும் நிரம்பும் வரை வெறுங்கையோடு நிற்க நேரும். ஆர்ப்பாட்டம் கூடக்கூட எச்சரிக்கை நிலை ஏறும். காவல்துறை, பிறகு ராணுவம், அதன்பின் மெஜஸ்டிக் என்ற கறுப்புக் கோட்டு முகவர்கள் என்று எதிர்ப்பு தடிக்கும்.

இதற்கு மாற்று ஹோலோபாப் என்ற உருமாற்றம். எதிரே இருக்கும் மனிதரின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கலாம். நேரம் ஆக ஆக அதற்கான சக்தி வடியும். வழியில் போகிறவர்களின் மனத்தை ஸ்கேன் செய்து எண்ணங்களைப் படித்தால் சக்தி திரும்ப ஏறும். ஆகவே ஆளில்லாத இடத்தில் வேடம் போடக்கூடாது. ஸ்கேன் செய்ய யாரும் இருக்கமாட்டார்கள், பாதி வழியில் வேடம் கலைந்துவிடும். கூட்டம் இருக்கும் தெருவாகப் பார்த்து, சக்தி தீரும் முன்பே அடுத்தவரைப் படித்தபடி நகர வேண்டும். ‘மக்களே போல்வர் கயவர்’ என்ற குறள் வரியை இவ்வளவு நேரடியாக வேறெங்கும் பார்க்க முடியாது.

பறிக்கும் மூளைகள் டிஎன்ஏ ஆகச் சேரும். ஆயுதங்களையும் பறக்கும் தட்டையும் மேம்படுத்த அதுவே பணம். தட்டை நினைத்த இடத்தில் இறக்க முடியாது, குறித்த தளங்களில் மட்டுமே முடியும். எனவே கலவரத்தைத் தொடங்கும் முன் அருகிலுள்ள தளம் எது என்று வரைபடத்தில் பார்த்துவைப்பது நல்லது. ஆழமான தண்ணீர் கிரிப்டோவுக்கு ஆகாது, எதிரிகள் துரத்தும்போது கரையோரம் ஓடாதீர்கள்.

சொல் தேர்வுக்கு இன்னும் நுட்பமான சோதனை 1994இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘டை ஃபைட்டர்’. ஸ்டார் வார்ஸ் உலகில் பேரரசின் விமானியாக ஆட வேண்டும். கிளர்ச்சியாளர்கள்தான் அமைதியைக் கெடுப்பவர்கள், நாம் ஒழுங்கை நிலைநாட்டுகிறோம் என்பதே அங்கே அரசின் பேச்சு. தொடக்க விண்கலங்களுக்குக் காப்புத்திரை கிடையாது, எதிரியின் எக்ஸ்-விங் போர்க்கலத்துக்கோ உண்டு. நேருக்கு நேர் மோதினால் தோற்பது நாம்தான். லேசர் நிரம்பும் வேகத்தைக் கூட்டினால் இயந்திரத்துக்குப் போகும் ஆற்றல் குறைந்து வேகம் விழும். ஆகவே துரத்தும்போது லேசர் நிரப்புதலைக் குறைத்து, எதிரியின் வாலைப் பிடித்த பிறகு கூட்ட வேண்டும். ‘வில்லன்’ என்றாலே அசுர பலம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சி. கொடிய பேரரசு தன் விமானியைக்கூடச் செலவாகத்தான் பார்க்கிறது என்பது வசனத்தால் அல்ல, காப்புத்திரை இல்லாத அந்தக் கலத்தால் புரிகிறது.

இப்போது சொற்களைப் பிரிக்கலாம். நாம் சுடும் சாதாரண ஆட்கள் ‘எதிரிகள்’. கட்டத்தின் முடிவில் வரும் பெரியவன் ‘தலைமை எதிரி’. நாயகனை ஆட்டக்காரர் இயக்க, அவனுக்கு எதிரே நின்று கதையை நகர்த்துபவன் ‘எதிர்நாயகன்’. சிக்கல் என்னவென்றால், நற்குணங்கள் குறைந்த நாயகனுக்கும் பலர் ‘எதிர்நாயகன்’ என்றே எழுதுகிறார்கள். அவனுக்குக் ‘குறைநாயகன்’ என்று எழுதினால் குழப்பம் தீரும். கதையின் மையத்திலும் இருந்து, கொடுமையும் செய்பவனுக்கு எங்கள் பரிந்துரை ‘கொடுநாயகன்’. கொடுங்கோல், கொடுவினை என்ற வார்ப்பில் அமைந்தது, கேட்டவுடன் புரியும். ‘தீநாயகன்’ என்றும் சிலர் யோசிக்கலாம், ஆனால் நெருப்பு வீசும் பாத்திரம் என்று நினைக்க வாய்ப்புண்டு. பேச்சில் ‘வில்லனாக ஆடும் கேம்’ என்பதில் தவறு ஒன்றும் இல்லை. மாற்றுச் சொல் தேவைப்படுவது, ஒரே கட்டுரையில் மூன்று வகையும் வரும்போதுதான்.

கடைசியாக ஒரு திணைச் சிக்கல். 2020இல் வெளிவந்த ‘கேரியன்’ ஆட்டத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பும் சிவந்த சதைப்பிண்டமாக ஆடுகிறோம். மனிதர்களைத் தின்று வளரும் அது, சிறிய உருவில்தான் வலை போன்ற இழையை வீசி எட்டாத நெம்புகோலை இழுக்க முடியும். பெரிய உருவில் அந்தத் திறன் போய்விடும். உடலின் ஒரு பகுதியைச் செந்நீர்க் குளத்தில் விட்டுவிட்டு, சிறுத்து, வேலையை முடித்துத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். உடலில் தீப்பிடித்தால் அருகில் உள்ள தண்ணீரில் பாய வேண்டும். இந்தப் பிண்டத்துக்கு ‘அன்’ விகுதியும் பொருந்தாது, ‘இ’ விகுதியும் பொருந்தாது. அதனால் ‘வில்லன் வந்தான்’ என்று எழுதாமல், ‘கொடுவிலங்கு வந்தது’ என்று அஃறிணையிலேயே முடியுங்கள்.