தூங்கும் சவுண்ட் கார்டு, விழுங்கப்படும் முதல் சொல்

பாட்டுக் கேட்பவருக்கு ஒலி கால் வினாடி பிந்தி வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. முழுப் பாட்டும் அதே கால் வினாடி பிந்தித்தான் வரும் என்பதால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுக் கணினியை இயக்கும் பார்வையற்றவரின் நிலை வேறு. அவர் ஒரு விசையைத் தட்டியதும் பதில் வர வேண்டும். அடுத்த விசையைத் தட்டியதும் பழைய பேச்சு அந்த இடத்திலேயே அறுந்து நிற்க வேண்டும். சவுண்ட் கார்டையும் அதை நிர்வகிக்கும் மென்பொருளையும் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் பாட்டையும் படத்தையும் மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள். திரைவாசிப்பான் பயனர்களைப் படுத்தும் பல ஒலிச் சிக்கல்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எந்த உருப்படியில் நிற்கிறோம் என்று திரைவாசிப்பான் இயங்குதளத்திடம் கேட்டு, அதன் பெயரை வெறும் எழுத்தாக வாங்கிக்கொள்கிறது. அந்த எழுத்து பேச்சொலிப்பானுக்குப் போகிறது. எழுத்தைக் குரலாக்கும் பகுதி அது. என்விடிஏ என்ற விண்டோஸ் திரைவாசிப்பானுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சொலிப்பான், உயிரொலிகளுக்கான அதிர்வெண்களைக் கணக்கிட்டு ஒலி அலையை அந்த நொடியிலேயே உருவாக்குகிறது. கேட்க இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் உடனே பேசும், பல மடங்கு வேகத்திலும் தெளிவு குலையாது. அனுபவசாலிகள் பலர் இனிமையான குரல்களை ஒதுக்கிவிட்டு இந்த 'ரோபோ'வோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஈஸ்பீக் தருவது வினாடிக்கு 22,050 மாதிரிகள், அதாவது ஒலி அலையை அந்தந்தக் கணத்தில் குறிக்கும் எண்கள். சவுண்ட் கார்டு பெரும்பாலும் 48,000-இல் ஓடிக்கொண்டிருக்கும். இடையில் விண்டோஸின் ஒலி எஞ்சின் அந்தக் குரலை 48,000-க்கு மாற்றி, மற்ற நிரல்களின் ஒலியோடு கலந்து, வழக்கமாக 10 மில்லிவினாடித் துண்டுகளாக, அதாவது 480 மாதிரிகள் வீதம், கார்டுக்கு அனுப்புகிறது. கார்டின் பெட்டி மேல் 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1,92,000 மாதிரிகள், என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 22,050 மாதிரிகளில் 11 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரையிலான ஒலிதான் அடங்கும். அதற்கு மேல் கார்டு எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தக் குரலுக்குப் பயனில்லை.

கார்டில் பார்க்க வேண்டிய விஷயம் வேறு. சும்மா இருக்கும்போது அது தூங்கிவிடுகிறதா?

மின்சாரத்தை, குறிப்பாக மடிக்கணினியின் பேட்டரியை, மிச்சப்படுத்துவதற்காக ஒலிச் சில்லு சில வினாடிகள் வேலையில்லாமல் இருந்தாலே அணைந்துவிடும். லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ் ஆடியோ என்ற மென்பொருள் இயல்பாக 5 வினாடிகளில் அதை உறங்க விட்டுவிடுகிறது. மறுபடி ஒலி வரும்போது சில்லு விழித்துச் சீராவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அனுப்பப்பட்ட துண்டுகள் ஸ்பீக்கரை எட்டாமலே போய்விடும். பாட்டில் இது முதல் தாளத்தின் நுனி மட்டும்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். திரைவாசிப்பான் பேசுவதோ ஒற்றைச் சொற்களை, சில சமயம் ஒற்றை எழுத்தை. வேகமான குரலில் ஓர் எழுத்தின் பெயர் பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடலாம், எழுத்தே காணாமல் போகும். இதைவிட மோசமானது பொருள் மாறிப்போவது. டிக் செய்யப்படாத பெட்டியில் நிற்கும்போது என்விடிஏ ஆங்கிலத்தில் 'நாட் செக்டு' என்று சொல்லும். முதல் சொல் விழுங்கப்பட்டால் காதில் விழுவது 'செக்டு'. படிவத்தில் 'இல்லை' என்பது 'ஆம்' ஆகிவிட்டது!

தீர்வு எளிதுதான், கார்டைத் தூங்க விடக் கூடாது. பேச்சு முடிந்த பிறகும் ஒலிச் சாதனத்தை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைக்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பு என்விடிஏ-இன் புதிய பதிப்புகளில் இருக்கிறது. அந்த நேரம் முழுக்கக் காதுக்குக் கேட்காத மௌன ஒலியை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் ஒலிச் சில்லின் மின்சேமிப்பை பூஜ்யமாக்கி, பல்ஸ் ஆடியோ அல்லது அதே வேலையைச் செய்யும் பைப்வயர் கார்டை உறங்க விடுவதையும் நிறுத்த வேண்டும். பேட்டரி கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அடுத்து, நிறுத்துவது. தடங்கல் வராமல் இருக்க, பாட்டு நிரல் முன்கூட்டியே நிறைய ஒலியைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். திரைவாசிப்பானால் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. பேச்சை நிறுத்தும் கன்ட்ரோல் விசையைத் தட்டிய கணத்தில் வரிசையில் காத்திருக்கும் அத்தனையையும் அது தூக்கி எறிய வேண்டும். கணினிக்குள் இருக்கும் வரை எறியலாம், ப்ளூடூத் ஹெட்செட்டுக்குப் போய்விட்டதைத் திரும்பக் கூப்பிட முடியாது. ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிவினாடி தாமதம் சர்வ சாதாரணம். கோப்புப் பட்டியலில் வினாடிக்கு ஐந்து முறை அம்புக்குறியைத் தட்டுகிறவருக்கு ஒரு பெயருக்குக் கிடைப்பதே 200 மில்லிவினாடி. அவர் காதில் ஒரு பெயர் விழும்போது விரல் அடுத்த கோப்பில் நிற்கும். அந்த நேரத்தில் டெலிட் அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு, ஹெட்செட்டின் மைக் திறந்ததும் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறி, பழைய கருவிகளில் ஒலி வினாடிக்கு 8,000 மாதிரிகளாகச் சுருங்கிவிடும். தொலைபேசியில் ஆங்கில எஃப்பும் எஸ்ஸும் குழம்புவது போலவே இங்கேயும் குழம்பும். என்னைக் கேட்டால், நாள் முழுக்க வேலை செய்பவருக்கு வயர் உள்ள ஹெட்செட்டுக்கு ஈடு இல்லை.

இந்தப் போராட்டம் புதிதல்ல. 1984-இல் வந்த டெக்டாக் போன்ற பேச்சொலிப்பான்கள் தனிப் பெட்டிகளாகவே இருந்தன. கணினி எழுத்தை மட்டும் கேபிள் வழியாக அனுப்பும், பெட்டி பேசும். சவுண்ட் கார்டே தேவைப்படவில்லை. அப்புறம் தொண்ணூறுகளில் பேச்சு மென்பொருளாக மாறிக் கணினிக்குள் வந்தபோது புதிய தலைவலி தொடங்கியது. அன்றைய கார்டுகள் பலவற்றை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். பாட்டு ஓடினால் திரைவாசிப்பான் ஊமை, திரைவாசிப்பான் பேசினால் பாட்டு ஊமை. ஆகவே சிலர் கணினிக்குள் இரண்டு கார்டுகளைப் பொருத்தி, ஒன்றைப் பேச்சுக்கென்றே ஒதுக்கினார்கள். பல நிரல்களின் ஒலியைக் கலந்து தரும் வசதி விண்டோஸ் 98-இல் இயங்குதளத்துக்குள்ளேயே வந்த பிறகு அந்தக் கட்டாயம் மெல்லத் தளர்ந்தது.

கட்டாயம் போனாலும் இரண்டு கார்டு யோசனை இன்றும் நல்ல யோசனைதான். விண்டோஸில் 'இயல்புநிலைச் சாதனம்' என்பது நிலையானதல்ல. எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரைச் செருகினால் ஒலி அங்கே தாவக்கூடும். அதில் ஸ்பீக்கரே இல்லை என்றால் கணினி சட்டென்று மௌனமாகிவிடும். பார்வையுள்ளவர் திரையைப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். இவருக்கோ, குரலைச் சரிசெய்யவே குரல் வேண்டும். அதனால் திரைவாசிப்பானின் ஒலி அமைப்பில் 'இயல்புநிலை' என்று விடாமல் ஒரு குறிப்பிட்ட கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானிலும் சவுண்ட் கார்டு தேர்வுக்கென்று பட்டியல் உண்டு. பேச்சு ஒரு யுஎஸ்பி கார்டிலும் மற்றதெல்லாம் இன்னொன்றிலும் போனால், இணையக் கூட்டத்தில் கணினி ஒலியைப் பகிரும்போது திரைவாசிப்பானின் குரல் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் போகாது. இரண்டாவது கார்டு இல்லாதவர்கள், என்விடிஏ 2024.2 முதல் இருக்கும் ஒலிப் பிரிப்பைப் பயன்படுத்தி, பேச்சை ஒரு காதுக்கும் மற்ற நிரல்களை இன்னொரு காதுக்கும் அனுப்பலாம்.

அழைப்பு வந்தால் குரல் திடீரென்று கிசுகிசுவாகிறதா? அழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது விண்டோஸின் இயல்பு. பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலின் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலில் 'டூ நத்திங்' என்று மாற்றினால் சரி. அங்கேயே, சாதனத்தின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில், ஒரு நிரல் கார்டைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் நீக்கிவிடலாம். இல்லையென்றால் ஏதாவது ஒரு இசை மென்பொருள் தொண்ணூறுகளின் கதையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

பலரும் மறப்பது உள்நுழைவுத் திரையை. கடவுச்சொல் கேட்கும் அந்த இடத்தில் ஓடுவது திரைவாசிப்பானின் வேறொரு பிரதி, அதற்கெனத் தனி அமைப்புகள் உண்டு. இங்கே நாம் தேர்ந்தெடுத்த கார்டு அங்கே தெரியாது. சேமித்த அமைப்புகளை உள்நுழைவுத் திரைக்கும் பயன்படுத்தச் சொல்லும் பொத்தான் என்விடிஏ-இன் பொது அமைப்புகளில் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்த நிர்வாகி உரிமை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் போய்விட்டால், விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் கிளம்பும். உங்கள் திரைவாசிப்பானை ஒரு கார்டோடு கட்டிவைத்திருந்தாலும் நரேட்டர் இயல்புநிலைச் சாதனத்தில் பேசும், ஆக ஏதாவது ஒரு வழி திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் பேசவில்லையென்றால் ஒரு சாதாரண யுஎஸ்பி கார்டைச் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி ஒலிக்கென்று பொதுவான தரம் இருப்பதால் அதற்கு டிரைவர் நிறுவத் தேவையில்லை. பெரும்பாலும் சில வினாடிகளில் விண்டோஸ் அதையே இயல்புநிலையாக எடுத்துக்கொள்ளும், நரேட்டர் அதன் வழியே பேசத் தொடங்கும்.