ஏற்றத்தில் கத்தும் பெல்ட்: பழைய பட்டாளத்து லாரிக்குப் புது ஃபேன் பெல்ட் மாட்டுவது எப்படி?

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். இடையில் ஐம்பது கிலோமீட்டர்தான் பாதை. கல்லாற்றைத் தாண்டியதும் லாரி இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும். எஞ்சின் முழு மூச்சில் சுற்றும், வண்டியோ மிதிவண்டி வேகத்தில் ஊரும். சமவெளியில் ஓடும்போது ரேடியேட்டரில் தானாக வந்து மோதும் எதிர்காற்று இங்கே கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் வேலை முழுக்க விசிறியின் தலையில் விழுகிறது. அந்த விசிறியையும், கூடவே வாட்டர் பம்பையும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் (பழைய வண்டியில் டைனமோ) சுற்றுவது ஒன்றோ இரண்டோ ரப்பர் வளையங்கள், அதாவது ஃபேன் பெல்ட்.

மலை ஏற ஏறக் காற்றின் அடர்த்தியும் குறையும். ஊட்டி உயரத்தில் விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், தள்ளும் காற்றின் நிறை கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். அரை பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 106 டிகிரி வரை உயரும். மூடியின் ரப்பர் வாஷர் போயிருந்தால் அந்த லாபமும் போச்சு. கீழே ஓடும்போது கண்ணுக்கே தெரியாத பெல்ட் தளர்ச்சி, குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் ஹீட் மீட்டரில் தெரிந்துவிடுவது இதனால்தான்.

பெல்ட் இழுவையால் மட்டும் வேலை செய்வதில்லை, ஆப்பு போலச் சிக்கிக்கொண்டு வேலை செய்கிறது. அடியில் குறுகி ‘V’ வடிவில் இருக்கும் இந்த வி பெல்ட்டின் அடிப்பாகம், அது ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. பக்கச் சுவர்கள் இரண்டும்தான் பள்ளத்தின் சரிவுகளைக் கவ்வுகின்றன. பள்ளத்தின் கோணம் 36 டிகிரி என்றால், அதே இழுவையில் தட்டையான பட்டையைவிட மூன்று மடங்குக்கு மேல் பிடிப்பு கிடைக்கும். பக்கச் சுவர் தேய்ந்து பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு வேலை நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். முறுக்கிய பலனாக வாட்டர் பம்ப் பேரிங்தான் போகும்.

ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரியில் முதல் தலைவலி பெல்ட்டின் அளவு. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான சக்திமான் போன்ற வண்டிகள் பல கை மாறியிருக்கும். டைனமோவைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரை யாராவது மாட்டியிருப்பார்கள். அப்படியிருந்தால் பழைய புத்தகத்தில் உள்ள பெல்ட் எண் பொருந்தாது. பழைய பெல்ட்டை அளந்து வாங்குவதும் தவறு, அது ஓடி நீண்டிருக்கும். நம்பகமான வழி நூல் அளவு. ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாக முழுதும் தள்ளி, அதன் மொத்த நகர்வில் கால்பங்கு மட்டும் வெளியே இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு புல்லிகளின் விளிம்பு மட்டத்தில் நீளாத நூலைச் சுற்றி அளக்க வேண்டும். இது பெல்ட்டின் வெளிச் சுற்றளவு. கடையில் சொல்லும் எண்ணோ உள் சுற்றளவு, அதுவும் அங்குலத்தில். மேற்புறம் 17 மில்லிமீட்டர் அகலமுள்ள ‘பி’ வகைக்கு 69 மில்லிமீட்டரும், 13 மில்லிமீட்டர் அகலமுள்ள ‘ஏ’ வகைக்கு 50 மில்லிமீட்டரும் கழித்து, 25.4ஆல் வகுக்க வேண்டும். நூல் 1,390 மில்லிமீட்டர் வந்தால் அது பி 52.

இரட்டைப் பள்ளப் புல்லியாக இருந்தால் இரண்டு பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை விட்டுவைப்பது பொய்ச் சிக்கனம். புதியது குட்டை, பழையது நெட்டை. சுமை முழுவதையும் புதியதே இழுக்கும், பழையது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் இரண்டும் வீண். ஒரே தயாரிப்பு, ஒரே நீளக் குறியீடு உள்ள ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி கழற்றும் வேலை. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, எஞ்சின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பட்டாளத்து லாரிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி தொடரில் இணைத்த 24 வோல்ட் அமைப்பு. எர்த் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆல்டர்னேட்டர் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோக வேண்டும். நீண்ட துளையுள்ள வளைதகட்டின் போல்ட்டையும் அடியில் ஆல்டர்னேட்டர் திரும்பும் அச்சாக உள்ள பிவட் போல்ட்டுகளையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை உள்ளே தள்ளினால் பெல்ட் தொங்கும். முன்புறக் காப்புச் சட்டமும் சில வண்டிகளில் வின்ச்சும் இருப்பதால் கை நுழைய இடம் குறைவு. விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வோர் இறக்கையாகப் பெல்ட்டை வெளியே எடுக்கலாம். பெல்ட் வரவில்லையே என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. புதியதை மாட்டும்போதும் அப்படித்தான். பெல்ட்டின் பலம் உள்ளே ஓடும் இழைகளில் இருக்கிறது. விளிம்பில் நெம்பும்போது நாலைந்து இழை அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஏற்றத்தில் பெல்ட் புரண்டு விழும், பழி பெல்ட் கம்பெனிமேல் விழும்.

பெல்ட் இல்லாத இந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். விசிறியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, வாட்டர் பம்பின் அடித்துளையில் தண்ணீர் கசிந்த தடம் இருந்தாலோ, பம்பைப் பார்க்காமல் புது பெல்ட் மாட்டுவதில் பயனில்லை. புல்லிப் பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் அடியில் உரசியிருக்கிறது, புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு புல்லிகளின் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, கிராங்க், விசிறி, ஆல்டர்னேட்டர் புல்லிகள் மூன்றும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறு வண்டியின் ஆல்டர்னேட்டர் மாட்டிய லாரிகளில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வாஷர் வைத்துச் சரிசெய்யலாம்.

இறுக்கும்போது கடப்பாரையை ஆல்டர்னேட்டரின் நடு உடம்பில் கொடுக்காமல், புல்லிப் பக்க மூடியின் தடித்த பகுதியில் கொடுத்து நெம்ப வேண்டும். நடுவில் கொடுத்தால் அலுமினிய உடம்பு விரிசல் விடும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அந்த வண்டியின் கையேட்டு அளவே முதல். அது கிடைக்காதபோது பழைய லாரிகளுக்குப் பொதுவான கணக்கு உண்டு: இரண்டு புல்லிகளுக்கு இடையே மிக நீளமான பகுதியின் நடுவில் 10 கிலோ அளவு அழுத்தினால் பெல்ட் 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும். கட்டைவிரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து அளந்தால் சந்தேகமில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் சிறு விசிறியைக் கையால் திருப்பினால் அது பெல்ட்டுக்குள் வழுக்கக் கூடாது. சிறிய புல்லியைப் பெல்ட் குறைந்த கோணத்தில்தான் அணைக்கிறது, ஆகவே முதலில் வழுக்குவதும் அங்கேதான்.

பலர் விட்டுவிடுவது இரண்டாவது இறுக்கத்தை. புது பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் பள்ளத்தில் பதிந்து சற்றே தளரும். கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை, முதல் மலை ஏற்றம் முடிந்து குன்னூரில் எஞ்சின் ஆறியபின் ஒருமுறை அளந்து இறுக்க வேண்டும். அப்போது இறுக்காமல் விட்ட பெல்ட் வழுக்கி, சூடேறி, பக்கங்கள் பளபளப்பாகிவிடும். பளபளத்த பெல்ட்டை மறுபடி இறுக்கியும் பயனில்லை. சோப்புக்கட்டி, மெழுகு தேய்ப்பதெல்லாம் சத்தத்தை அடக்கும், நோயை வளர்க்கும்.

ஊட்டியில் பனி விழுந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பெல்ட் கத்தினால் பயம் வேண்டாம். ஈரமும் குளிரில் விறைத்த ரப்பரும் காரணம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் எட்டி நின்று சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் தளர்ச்சி. சத்தம் சற்று நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை.

ஏற்றத்தில் பெல்ட் அறுந்தால் ஹீட் மீட்டர் சொல்லிவிடும். இறக்கத்தில் அறுந்தால் சொல்லாது, எஞ்சின் சுமையில்லாமல் இருப்பதால் சூடு மெதுவாகத்தான் ஏறும். சார்ஜ் விளக்கோ ஆம்பியர் முள்ளோதான் ஒரே அறிவிப்பு. பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடத்தை உண்டாக்கும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் அமைந்த வண்டியானால் இது வெறும் சார்ஜ் சங்கதி அல்ல. தொட்டியில் மிச்சமிருக்கும் வாக்குவம் சில மிதிகளுக்கே வரும், பிறகு பிரேக் கல்லாகிவிடும். விளக்கு எரிந்ததும் கீழ் கியரில், முதலில் கிடைக்கும் அகலமான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். கீழே வரும் பர்லியார் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது.

மாற்று ஜோடி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஆணியில் மடித்துத் தொங்கவிட்டால் மடிப்பில் இழை ஒடியும். டீசலும் கிரீஸும் படாமல், வெயில் படாமல், இயல்பான வளையமாகத் துணிப்பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைக்கலாம். அந்த வளைதகட்டு போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரையும் அதே பையில்.