பள்ளித் தோட்டத்துக்கு உதவி கேட்கப் போகிறீர்களா? முதலில் கோப்பைச் சரிபாருங்கள்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்டது கொஞ்சம் விதை, உரம், நாலைந்து நடவுப் பெட்டி. விண்ணப்பக் கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் காரணம் வேறு.

விவசாய இலாகாவின் நகர்ப்புற விவசாயத் திட்டத்தில் பள்ளிகளும் விண்ணப்பிக்கலாம். ரொக்கத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்; உதவி விதையாகவும் உரமாகவும்தான் வரும். திட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

முதலில் மாட்டுவது பதிவுச் சான்றிதழில். இலாகா முகப்பில் இருப்பவர் சங்கப் பதிவிலாகாவின் சான்றிதழைக் கேட்டார். செயலாளராக இருக்கும் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அங்கே பதிவாவதே இல்லை! 1998ஆம் ஆண்டுக் கல்வி விதிமுறைகளின் கீழ் கல்வி இலாகாவில்தான் பதிவாகிறது. அந்தப் பதிவுக் கடிதத்தின் நகலைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். கேட்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் திரும்பிப் போகாதீர்கள்.

அடுத்தது கையெழுத்து. சங்கத் தலைவர் மட்டும் போட்டால் போதாது, வளாகம் தலைமையாசிரியரின் பொறுப்பு. பள்ளியின் கடிதத்தாளில், மலாயில், அவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். பள்ளி நிற்பது அரசாங்க நிலம் இல்லையென்றால் பள்ளி வாரியத்தின் சம்மதக் கடிதத்தையும் இப்போதே வாங்கிவிடுங்கள். கேட்ட பிறகு தேடினால் மாதங்கள் ஓடிவிடும்.

இன்னொரு கூத்து. பள்ளிக் கண்டின் (சிற்றுண்டிச்சாலை) கழிவை உரமாக்க உதவி கேட்டு, கோலாலம்பூர் பள்ளி ஒன்றின் கடிதத்தைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்கள். அது திடக்கழிவைக் கவனிக்கும் கூட்டரசு நிறுவனமான எஸ்.டபிள்யூ.கார்ப்புக்கு எழுதியது. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் கோலாலம்பூரில் நடப்பில் இருக்கிறது, பினாங்கில் இல்லை. இங்கே குப்பை மாநகர் மன்றத்தின் வேலை: தீவென்றால் எம்.பி.பி.பி., செபராங் பிறை என்றால் எம்.பி.எஸ்.பி. குப்பையைச் சேரும் இடத்திலேயே பிரிப்பது 2016 ஜூன் முதல் பினாங்கு மாநிலத்தின் கொள்கை. அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், கழிவை உரமாக்கத் தொடங்கிவிடுங்கள். பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்துப் போடுங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் சரி. எண்ணெய்ச் சோறும் மீன் முள்ளும் போட்டால் எலி வரும். வாளிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்: தண்ணீர் தேங்கி டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் சுகாதார இலாகாவின் அபராதம் பள்ளிக்குத்தான்.

அப்புறம், தொடர்புக்குப் பள்ளி அலுவலக எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். அந்தப் பள்ளிக்குப் பொருள் வந்தது நீண்ட விடுமுறையில். வாசலில் ஜாகா (காவலாளி) மட்டும் இருந்தார், அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், லாரி திரும்பிவிட்டது. விடுமுறையிலும் போனை எடுக்கும் ஒருவருடைய கைப்பேசி எண்ணையும் விண்ணப்பப் பாரத்தில் எழுதுங்கள்.